ஒரு விரல் தூக்கல்

எங்கள் மாமாவைப் பலூன்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, பிறந்தநாள் விழாவுக்குக் கூடம் அலங்கரிக்க ஆள் வேண்டுமென்று இரண்டு பேர் தேடி வந்ததுண்டு. உள்ளே நுழைந்து, கிரீஸில் தோய்ந்து எழுந்த ஓர் ஆளைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

அவர் வேலை பார்ப்பது வேறு பலூன். ஜீப்பின் பின்பக்கம், அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக, சின்னக் குடம் அளவில் கருப்பு ரப்பர்ப் பை இருக்கும். அதில் காற்று நிற்கும். அந்தக் காற்றின் மேல் வண்டி நிற்கும். அக்காவின் வீட்டுக்காரர் என்பதால் எனக்கு மாமா. அவருடைய பட்டறையும் என் டயர் கடையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். பதினாறு வருஷமாக அவர் தும்மினால் எனக்குத் தெரியும், நான் யாரைத் திட்டினாலும் அவருக்குத் தெரியும். நான் திட்டுவது கொஞ்சம் அதிகம்தான்.

மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் ஜீப்பை உயர்த்தித் தரச் சொல்வார்கள். கல் இடிக்கக் கூடாது, பள்ளத்தில் வயிறு தட்டக் கூடாது. உயர்த்துவது பெரிய வித்தை இல்லை, நாலு நாள் பக்கத்தில் நின்று பார்த்தவனும் செய்துவிடுவான். உயர்த்திய பிறகு பின்பக்கப் பலூனை அதன் இடத்தில் உட்கார வைப்பதுதான் வேலை. உயர்ந்த வண்டியில், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது முன்பைவிட அதிகமாகத் தொங்கும். பலூன் அவ்வளவு நீளாது. கீழே அது உட்கார்ந்திருக்கும் இரும்புக் கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். சக்கரம் மறுபடி மேலே ஏறும்போது கிண்ணத்துக்குள் இறங்கினால் பிழைத்தோம். விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால், மடிந்து, நசுங்கி, ஏதாவது ஒரு வளைவில் வெடிக்கும்.

இதற்கு மாமா செய்வது இரண்டு. பலூன் முழு நீளம் போவதற்கு முன்னாலேயே அச்சைப் பிடித்து நிறுத்த ஒரு வார் கட்டுவார். கிண்ணத்துக்கு அடியில் பலூனின் காம்பைப் பிடிக்க ஒரு கிளிப் மாட்டுவார். இதை எந்த மெக்கானிக்கும் செய்வான். மாமாவிடம் கூடுதலாக ஒரு வரிசை உண்டு. வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, மடிப்பு விரிந்து கிண்ணத்துக்குள் உட்காரட்டும் என்று பலூனுக்குக் கொஞ்சம் காற்று கொடுப்பார். பிறகு கையை உள்ளே விட்டு, கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு விரலை ஓட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு, முழுச் சுற்று. அதற்குப் பிறகுதான் ஜாக்கியை இறக்குவார். காற்று, விரல், ஜாக்கி. இந்த வரிசையை அவர் மாற்றி நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

"கண்ண மூடிக்கிட்டு என்ன மாமா, ஒரு குட்டித் தூக்கமா?" என்று கேட்டிருக்கிறேன்.

"உள்பக்கம் எப்படியும் தெரியாது மாப்ள. தெரியாத எடத்துல கண்ண வெச்சுக்கிட்டு என்ன பண்றது" என்பார்.

அந்த ஒரு நாள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது. வண்டி டவர்காரருடையது. மலை உச்சியில் இருக்கும் போன் டவருக்கு ஆட்களையும் பேட்டரிகளையும் ஏற்றிப் போகிறவர் என்பதால் அந்தப் பெயர். மாமா வண்டிக்கு அடியில் கிடக்கும்போதெல்லாம் இவர் பின் பம்பரின் இடது ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பேசுவார். "டேய், நீ உக்காந்தா அளவு தப்புதுடா, எழுந்திரு" என்று மாமா அடியிலிருந்து கத்துவார். இவர் எழுந்திருக்க மாட்டார். இரண்டு பேரும் அப்படிப் பழகியவர்கள்.

அன்றைக்கு இடது பலூன் உரசித் தேய்ந்திருந்தது. மத்தியானம் இரண்டு மணி. மழை வருவதற்குள் மேலே போய்ச் சேர வேண்டுமென்று டவர் ஆட்கள் இரண்டு பேர் வாசலிலேயே நின்றார்கள். மாமா புதுப் பலூனை உள்ளே வைத்தார், வாரைக் கட்டினார், கிளிப்பை மாட்டினார். மிச்சம் இருந்தது காற்றும் விரலும்.

வண்டியைத் தூக்கியிருந்தது என் ஜாக்கி. மாமாவின் ஜாக்கி சின்னது, உயர்த்திய வண்டிக்கு எட்டாது. இது இந்தத் தெருவுக்கே தெரியும். என் கடை வாசலில் ஒரு லாரி டயர் இறங்கி நின்றது. அதன் டிரைவர் என்னை நச்சரித்துக்கொண்டிருந்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து இரண்டு தடவை ஜாக்கி கேட்டேன். மூன்றாவது தடவை நேரே போய் நின்றேன்.

"அக்காவக் குடுத்தது பத்தாதா மாமா, ஜாக்கியவும் வெச்சுக்குவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஜாக்கியை இறக்கி என் பக்கம் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு காற்று பிடித்தார். அதற்கும் பிறகு கையை விட்டுப் பார்த்தார். சக்கரம் மேலே வந்துவிட்டதால் கை பாதிச் சுற்றுக்கு மேல் போகவில்லை.

வண்டி வாசலைத் தாண்டும்போது அவர் என் கடைமுன் வந்து நின்றார். "இடது பக்கம் ஒரு விரல் தூக்கலா நிக்குது, பாரு."

நான் லாரிச் சக்கரத்தின் நட்டைக் கழற்றிக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கலாகத்தான் நின்றது. "புது ரப்பர்தான மாமா. ஓடுனா உக்காந்துரும்" என்றேன். எனக்கு டயர் தெரியும். பலூனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவர் இன்னொரு தடவை வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

டவர் ஆட்களை மேலே விட்டுவிட்டுத் தனியாக இறங்கும்போது, ஐந்து மணிக்கு மேல், நாலாவது வளைவில் வண்டி உருண்டது. டவர்காரர் அந்த இடத்திலேயே போய்விட்டார். மழையில் பாதையோரம் மண் சரிந்ததாக அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். மண் சரிந்தது உண்மைதான், நானே பார்த்தேன்.

மறுநாள் காலையில் கிரேன் வண்டியோடு நானும் மாமாவும் போனோம். ஜீப் பக்கவாட்டில் கிடந்தது. இடது பலூன் வெடித்திருந்தது. அதன் ரப்பரில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு; கிண்ணத்தின் விளிம்பு அழுத்திய தடம். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை மாமா பார்த்தார். தோளில் இருந்த கந்தைத் துணியை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார்.

பலூன் முதலில் வெடித்ததா, உருண்டபோது வெடித்ததா? யாராலும் சொல்ல முடியாது. மாமா இதை ஆயிரம் தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார். ஆயிரம் தடவையும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நின்றிருப்பார்: அந்த ஒரு விரல். அதை டவர்காரர் மனைவியிடம் சொல்ல வேண்டும், சொல்லாமல் விடக்கூடாது. இது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. காரியமெல்லாம் முடிந்த அடுத்த வாரமே அந்த வீட்டுக்குக் கிளம்பினார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது.

அந்த விரல்தான் அவரைப் படாத பாடு படுத்தியது. தண்ணீர் குடிக்கும் முன் டம்ளரின் விளிம்பைச் சுற்றி ஓடும். சாப்பிடும் முன் தட்டைச் சுற்றி ஓடும். குழம்புச் சட்டியின் மூடியைக் கூட விடமாட்டார். பாதிச் சுற்றில் யாராவது கூப்பிட்டுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"தட்டுல என்ன ஓட்டையா இருக்கு?" என்று அக்கா கத்துவாள். "சூடு ஆறுது, சாப்புடுங்க." என்னிடம் தனியாகச் சொல்வாள்: "நல்லா இருந்த மனுஷன்டா. இப்ப குக்கர் சத்தம் கேட்டாக்கூட எழுந்து வாசலுக்கு ஓடறாரு. ஏதோ காத்து எறங்குதாம்."

"வயசாச்சுல்ல அக்கா" என்று சொல்லிவிட்டு நழுவுவேன். எனக்குத் தெரியாதா என்ன காற்று என்று.

ஆறு மாதம் கழித்து டவர்காரர் மனைவியே பட்டறைக்கு வந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழ அவருக்கு நேரமில்லை. "அண்ணே, வண்டிய எழுப்பித் தாங்க. நான் ஓட்டறேன். டவர் ஆபீஸ்ல பேசிட்டேன்" என்றார். ஓட்டக் கற்றுக் கொடுத்தது டவர்காரரே. மாமா நாலு மாதம் வேறு எந்த வேலையும் எடுக்காமல் அந்த வண்டியை எழுப்பினார். அண்ணி வந்து பார்க்கும்போதெல்லாம் தலையை வண்டிக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார். பதில் சொல்வது ஒரு ஜோடிக் கால்கள்தான்.

அண்ணி நன்றாக ஓட்டினார். சொல்லப்போனால் டவர்காரரைவிட நன்றாக. ஒரு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

பிறகு ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு வண்டி மெதுவாக ஊர்ந்து வந்து பட்டறை வாசலில் நின்றது. இடது பின்பக்கம் தாழ்ந்து, ஒருக்களித்து நின்றது. "ராத்திரியெல்லாம் காத்து எறங்கியிருக்கு அண்ணே" என்றார் அண்ணி. மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சோப்புத் தண்ணீரைப் பூசிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. என் கம்பிரஷரிலிருந்து காற்று பிடித்தோம். வண்டி நேராக நின்றது, மலைக்குப் போனது, சாயங்காலம் நேராகவே வீட்டுக்குப் போனது. மறுநாள் காலை ஏழரைக்கு மறுபடி ஒருக்களித்து வந்தது.

மாமா வால்வை மாற்றினார். குழாயை மாற்றினார். கடைசியில் பலூனையே மாற்றினார். ஜாக்கியை இப்போது நானே தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, இறக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். காற்று, விரல், ஜாக்கி. ஒரு சுற்று இல்லை, மூன்று சுற்று. மறுநாள் காலை இடது பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு வந்து நிற்கும்.

பத்து நாள் ஆனது. பட்டறைக்கு வரும் டிரைவர்கள் ஒரு மாதிரியாகப் பேச ஆரம்பித்தார்கள். அந்த வண்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தாமல் தள்ளி நிறுத்தினார்கள். நான் அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மாமா என் கடைக்கு வந்து டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். கையில் இருந்த டம்ளரின் விளிம்பில் விரல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அவன்தான் மாப்ள" என்றார்.

"யாரு?"

"பம்பர்ல அந்த ஓரத்துலதான உக்காருவான். உக்காந்திருக்கான். எழுந்திருக்க மாட்டேங்கறான்."

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பட்டப்பகலில், அந்தக் குரலைக் கேட்டபோது பயந்துவிட்டேன். பயத்தில் எரிச்சல் வந்தது. "அண்ணிகிட்ட போய்ச் சொல்லித் தொலைங்களேன் மாமா. எத்தன நாளைக்கு இப்படிச் செத்துச் செத்துப் பொழைப்பீங்க" என்றேன்.

"சொன்னா அந்தப் பொண்ணு அந்த வண்டியில எப்படி ஏறும்? தினம் அதுல உக்காந்து மலைக்குப் போகுது மாப்ள."



என்னிடம் மஞ்சள் சாக்குக்கட்டி ஒன்று உண்டு, டயரில் ஓட்டையைக் குறிக்க வைத்திருப்பது. பலூனுக்குக் காற்று பிடிக்கும் வால்வு பின்னால் நம்பர் பலகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. டயர் வால்வு மாதிரிதான், மேலே ஒரு சின்ன மூடி. அதை நான் அழுத்தித் திருகித்தான் அனுப்புகிறேன். காலையில் வரும்போது தளர்ந்திருப்பது போல் எனக்கு ஒரு சந்தேகம். மறுநாள் காற்று பிடித்ததும், மூடியிலும் வால்வின் தண்டிலும் நேருக்கு நேராக ஒரு புள்ளி வைத்தேன். அதற்கடுத்த நாள் காலை வண்டி ஒருக்களித்து வந்தது. புள்ளிகள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ மூடியைக் கழற்றி, ஊசியை அழுத்திக் காற்றை இறக்கிவிட்டு, திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

மாமாவை அழைத்துக் காட்டினேன். "இது பேயில்ல மாமா. பேய்க்கு எதுக்கு மூடியக் கழட்டணும்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் புள்ளிகளையே பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்த அண்ணியைப் பார்த்தார். அந்த வண்டி ராத்திரி நிற்பது அண்ணி வீட்டுப் பூட்டிய கேட்டுக்குள்ளே. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாமா வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். தரை முந்தின நாள் மழையில் ஈரமாக இருந்தது. அண்ணி இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நான் என் கடை வாசலுக்கு வந்து டயர் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.

"அன்னிக்கு வரிசைய மாத்திட்டேன்மா" என்றது வண்டிக்கு அடியிலிருந்து குரல். "காத்து புடிக்கறதுக்கு முன்னாடி ஜாக்கிய எறக்கிட்டேன். பலூன் விளிம்புல ஏறிடுச்சு. ஒரு விரல் தூக்கலா நின்னுச்சு. பாத்தேன். பாத்துட்டுதான் அனுப்புனேன்."



"மேல போய்ச் சேந்ததும் போன் பண்ணாரு" என்றார் அண்ணி, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே. "இடது பக்கம் தூக்கலா இருக்கு, நாளைக்கு அண்ணன்கிட்ட காட்டணும்னாரு. எனக்கு அன்னிலேருந்து தெரியும்."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"நான் கேட்டா நீங்க பதில் சொல்லியிருப்பீங்க. அது எனக்கு வேண்டாம். நீங்களாச் சொல்லணும். ஒரு வருஷத்துக்கு மேல பொறுத்துப் பாத்தேன். சொல்ற மாதிரி தெரியல. அதான் தெனமும் வந்து நின்னேன்."

அடியில் மாமா அழுதார். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே குலுங்கின. அண்ணி மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு ஒன்று மட்டும் கேட்டார்.

"நீங்க வரிசைய மாத்துற ஆள் இல்லையே அண்ணே. அன்னிக்கு என்ன அவசரம்?"

"அவசரம்தான்மா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றார் மாமா.

அண்ணி தலையைத் திருப்பினார். என் கடை வாசலில் அந்தப் பெரிய ஜாக்கி நின்றது. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து, ஏற்கனவே கழற்றிப் போட்ட ஒரு டயரை மறுபடி நெம்ப ஆரம்பித்தேன்.

"எழுந்து வாங்க அண்ணே, முதுகெல்லாம் ஈரம்" என்று அண்ணி சொல்வது கேட்டது.

அன்றோடு பலூன் பிரச்சினை தீர்ந்தது. காற்று ஒரு மூச்சுகூட இறங்கவில்லை. மாமா அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு மணி நேரம் தூங்கினார். அக்கா இரண்டு தடவை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். என் பெயரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழரை மணிக்கு வண்டி பட்டறை வாசலைத் தாண்டி வந்து என் கடைமுன் நின்றது.

"தம்பி, பின்னாடி இடது டயர்ல காத்து கொறஞ்சிருக்கு. என்னன்னு பாருங்க" என்றார் அண்ணி.

சக்கரத்தைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கிச் சுற்றினேன். குமிழி இல்லை. வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. காற்று பிடித்து அனுப்பினேன். மறுநாள் ஏழரைக்கு அதே சக்கரம் பாதி இறங்கி வந்து நின்றது. இந்தத் தடவை சாக்குக்கட்டிக்கு வேலை இல்லை.

இன்றோடு ஒன்பது நாள். இரண்டு வாக்கியம் சொன்னால் போதும்: ஜாக்கியைக் கேட்டது நான், ஓடினால் உட்கார்ந்துவிடும் என்று சொன்னதும் நான். ஊரில் எவனையும் நிற்கவைத்துத் திட்டுகிற எனக்கு அந்த இரண்டு வாக்கியம் வாயில் வரவில்லை. ராத்திரி படுத்தால் காலை ஏழரை மணியை நினைத்துப் பயமாக இருக்கிறது.

இன்றைக்கும் காற்று பிடித்து மூடியைத் திருகினேன்.

"ஓட்டை எங்கன்னு தெரிஞ்சுதா தம்பி?" என்று கேட்டார் அண்ணி.

"தெரியல அண்ணி" என்றேன்.

"சரி, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. வண்டி தெருமுனையில் மலைப்பக்கம் திரும்பும்வரை மாமா மறுபடி அடிக்க ஆரம்பிக்கவில்லை.